நீர்மட்டத்துக்கு நிறம் பூசுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில் இடம்பெறும் கேள்விகள் அனைத்தும் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெலுக் இந்தானிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் வந்தவை. எல்லாமே தோட்டத்து நீர்மட்ட அளவுகளைக் கணினியில் வண்ண வரைபடமாக்குவது என்ற ஒரே பொருளைத் தொட்டுப் பேசுவதால் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். நிரல் கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் வழக்கம்போல் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டம் பீட் மண்ணில், அதாவது மட்கிய தாவரங்களாலான சதுப்பு மண்ணில், அமைந்தது. நான் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். தோட்டத்தில் நாற்பது இடங்களில் நீர்மட்டக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். கண்டக்டர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர், அளந்து கொண்டுவரும் கணக்கை எக்செல்லில் ஏற்றுவது என் பொறுப்பு. மேனேஜர் இப்போது அதை வண்ண வரைபடமாகக் கேட்கிறார். பைத்தான் நிரல்மொழி படிக்கும் என் மகன், படம் வரைவதற்கான மேட்பிளாட்லிப் நிரலகத்தில் உள்ள ‘காண்டூர்எஃப்’ கட்டளையைக் காட்டித் தந்தான். குழாயின் கிழக்குத் தூரம், வடக்குத் தூரம், நீரின் ஆழம் என்று மூன்று பத்திகளைக் கொடுத்தால், இசட் (அதாவது ஆழம்) இருபரிமாணமாக இருக்க வேண்டும் என்று பிழைச்செய்தி வருகிறது. எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகி, தெலுக் இந்தான்

பதில்: உங்கள் மகன் காட்டிய கட்டளை, கட்டம் போட்ட தாளைப் போன்ற தரவுக்காக எழுதப்பட்டது. நிலப்பரப்பை வடக்குத் தெற்காகச் சில வரிசைகளாகவும் கிழக்கு மேற்காகச் சில பத்திகளாகவும் பிரித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மதிப்பு வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். உங்களிடம் இருப்பதோ ஆங்காங்கே சிதறிய நாற்பது புள்ளிகள். இப்படிப்பட்ட தரவுக்கென்றே அதே நிரலகத்தில் ‘ட்ரைகாண்டூர்எஃப்’ என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. அதே மூன்று பத்திகளை அப்படியே அதற்குக் கொடுங்கள், படம் வந்துவிடும். ‘மெஷ்கிரிட்’ கொண்டு கட்டம் அமைத்து, சைப்பை நிரலகத்தின் ‘கிரிட்டேட்டா’வால் இடைமதிப்புகளை நிரப்பி, அதன்பின் காண்டூர்எஃப் வரையும் வழியும் உண்டு. உங்கள் தேவைக்கு அந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை.

இந்தக் கட்டளை உள்ளே என்ன செய்கிறது என்பதை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. பின்னால் வரும் பல கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கிறது. அது முதலில் அண்டை அண்டையான புள்ளிகளை இணைத்து நிலம் முழுவதையும் முக்கோணங்களாக்குகிறது. தரைக்குக் கீழே 35, 55, 65 செ.மீ. ஆழத்தில் நீர் நிற்கும் மூன்று குழாய்கள் ஒரு முக்கோணத்தின் முனைகள் என்று வைத்துக்கொள்வோம். 40 செ.மீ. கோடு எங்கே போகும்? 35-க்கும் 55-க்கும் இடைப்பட்ட பக்கத்தில், 35-இலிருந்து கால்பங்கு தொலைவில் ஒரு புள்ளி. 35-க்கும் 65-க்கும் இடைப்பட்ட பக்கத்தில், 35-இலிருந்து ஆறில் ஒரு பங்கு தொலைவில் இன்னொரு புள்ளி. இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அதுதான் 40-இன் கோடு. 60-இன் கோட்டையும் இவ்வாறே குறித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தைப் பூசினால் அந்த முக்கோணத்தின் வேலை முடிந்தது. எண்களைச் சுமந்துகொண்டு சிதறிக் கிடக்கும் புள்ளிகளைக் கோடுகளாக மாற்றும் இந்த யோசனை கணினிக்கு வெகுகாலம் முந்தியது. ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் 1774-இல் எடுத்த அளவீடுகளைக் கணக்கிடும் பொறுப்பை ஏற்ற சார்லஸ் ஹட்டன், சம உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தே மலையின் வடிவத்தைப் பிடித்தார்; அந்தக் கணக்கு 1778-இல் அச்சானது.

வரைவதற்கு முன் எக்செல் பட்டியலில் மூன்று இடங்களைச் சரிபார்த்துவிடுங்கள். முதலாவது, அளவு எடுக்காத குழாயின் வெற்றுக் கட்டம். அதை விட்டுவைத்தால் ட்ரைகாண்டூர்எஃப் மறுத்துவிடும். அந்த வரியையே அந்த மாதத்துக்கு நீக்கிவிட வேண்டும். இரண்டாவது, குழாயில் தண்ணீரே இல்லை என்று கண்டக்டர் எழுதியிருக்கும் இடம். அங்கே பூஜ்யம் போட்டுவிடுவது அலுவலகங்களில் சகஜம், ஆனால் பூஜ்யம் என்றால் நீர் தரைமட்டத்தில் நிற்கிறது என்று பொருள். குழாயின் நீளத்துக்கும் கீழே நீர் இறங்கிப் போயிருக்கும் மிக வறண்ட இடம், படத்தில் மிக ஈரமான இடமாக நிறம் பெற்றுவிடும். அதற்குக் குழாயின் முழு நீளத்தையாவது எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்பு வையுங்கள். மூன்றாவது, நீர் தரைக்கு மேலேயே தேங்கியிருந்தால் அது எதிர்க்குறி எண்ணாக இருக்க வேண்டும்.

குழாய் இருக்கும் இடத்தைக் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் பாகை அளவாகக் குறித்திருந்தாலும் கவலை இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பேராக்கில் ஒரு பாகை அட்சரேகையும் ஒரு பாகை தீர்க்கரேகையும் ஏறக்குறைய 111 கி.மீ. என்று ஒன்றுபோலவே வரும். இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவு வைக்கும்படி நிரலில் சொன்னால் தோட்டத்தின் வடிவம் கோணாது.

கேள்வி: படம் வந்துவிட்டது, நன்றி. ஆனால் ஜூலைப் படத்திலும் நவம்பர்ப் படத்திலும் ஏறக்குறைய அதே இடம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, மழைக்காலத்திலும் அங்கே வறட்சியா என்று மேனேஜர் கேட்கிறார். இணையத்தில் கிடைத்த ஒரு பழைய நிரலிலிருந்து ‘ஜெட்’ என்ற நிறவரிசையை எடுத்துப் போட்டிருந்தேன். நிறத்தில் குறையா, என் கணக்கில் குறையா?
– அதே வாசகி

பதில்: நீங்கள் அனுப்பிய எண்களைப் பார்த்தேன். ஜூலையில் ஆழம் 38-இலிருந்து 74 வரை. நவம்பரில் 12-இலிருந்து 48 வரை. எல்லைகளை நீங்கள் சொல்லாதபோது நிரலகம் ஒவ்வொரு மாதத் தரவையும் தனியாகப் பார்த்து, அதன் சிறுமத்துக்கும் பெருமத்துக்கும் நடுவே வசதியான முழு எண்களாகச் சில எல்லைகளைத் தானே தேர்ந்துகொள்ளும். ஆகவே ஜூலையின் சிவப்பு 70-க்கு மேல், நவம்பரின் சிவப்பு 45-க்கு மேல். பின்னது வறட்சியே அல்ல, நல்ல நீர்மட்டம். மாதந்தோறும் ஒப்பிடப்போகும் படத்துக்குத் தானியங்கி எல்லைகளை ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ‘லெவல்ஸ்’ என்ற இடத்தில் எல்லை எண்களை ஏறுவரிசையில் நீங்களே எழுதிவிடுங்கள். வரிசை மாறினால் நிரல் பிழை சொல்லும்.

எந்த எண்களை எழுதுவது என்பது வரைகலைக் கேள்வி இல்லை, தோட்டத்துக் கேள்வி. வரைபடத்தைப் பார்த்து உங்கள் மேனேஜர் செய்யப்போவது இரண்டே காரியங்கள்: வாய்க்காலின் தடுப்பை உயர்த்துவது, அல்லது தாழ்த்துவது. அந்த முடிவு எந்த எண்ணில் மாறுகிறதோ அங்கேதான் நிறமும் மாற வேண்டும். நிலையான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பான ஆர்.எஸ்.பி.ஓ. 2013-இல் வெளியிட்ட கொள்கைகளில், பீட் மண்ணில் நிலத்துக் குழாயில் அளந்தால் நீர்மட்டம் சராசரியாக 50 செ.மீ. ஆழத்தில், அதாவது 40-க்கும் 60-க்கும் இடையே இருக்க வேண்டும் என்றும், வாய்க்காலில் அளந்தால் சராசரியாக 60 செ.மீ. ஆழத்தில், அதாவது 50-க்கும் 70-க்கும் இடையே இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டியது. உங்கள் தோட்டத்து இலக்கு சற்றே வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்க் கணக்கையும் வாய்க்கால் கணக்கையும் மட்டும் ஒரே படத்தில் கலந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் அளவுகோல் வேறு.

குழாய்க் கணக்குக்கு 30, 40, 60, 70 என்ற நான்கு எல்லைகள் போதும் என்பேன். நான்கு எல்லைகளுக்கு நடுவே மூன்று பட்டைகள் கிடைக்கும். ‘எக்ஸ்டெண்ட்’ என்ற இடத்தில் ‘போத்’ என்று கொடுத்தால் 30-க்குக் கீழும் 70-க்கு மேலும் இரண்டு பட்டைகள் சேர்ந்து ஐந்தாகும். அதைக் கொடுக்காவிட்டால் எல்லைக்கு வெளியே உள்ள பகுதி நிறமே பெறாமல் வெள்ளையாக நின்றுவிடும், பார்ப்பவர் அதைத் தரவு இல்லாத இடம் என்று எண்ணிக்கொள்வார். பட்டைக்கு ஒன்றாக ஐந்து நிறங்களின் பட்டியலை ‘கலர்ஸ்’ என்ற இடத்தில் நீங்களே தரலாம்: அடர்நீலம், வெளிர்நீலம், ஏறக்குறைய வெள்ளை, வெளிர்பழுப்பு, அடர்பழுப்பு. நீர் மிகுந்தால் நீலம், காய்ந்தால் பழுப்பு, சரியாக இருந்தால் கண்ணை இழுக்காத நிறம். கவனம் தேவைப்படும் இடத்தில்தான் நிறம் அடர வேண்டும்.

ஜெட் நிறவரிசையைக் கைவிட்டுவிடுங்கள். நீலத்தில் தொடங்கிப் பச்சை, மஞ்சள் வழியாகச் சிவப்புக்குப் போகும் அந்த வரிசையில் வெளிச்சம் சீராக ஏறுவதில்லை. நடுவில் மஞ்சளும் இளநீலமும் பளிச்சென்று தெரிவதால், எண்ணில் பெரிய மாற்றம் இல்லாத இடத்திலும் கண் ஒரு விளிம்பைக் காண்கிறது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிடும். நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹண்டர் 2003-இல் வெளியிட்ட இந்த நிரலகத்தில் நெடுங்காலம் ஜெட்தான் இயல்பு நிறமாக இருந்தது; 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அதை நீக்கி ‘விரிடிஸ்’ என்ற ஊதா–பச்சை–மஞ்சள் வரிசையை வைத்தார்கள். மழையளவு போல, நடுமதிப்பு என்று எதுவும் இல்லாத கணக்குக்கு விரிடிஸ் நன்றாகப் பொருந்தும். இரண்டு பக்கமும் தவறு நேரக்கூடிய நீர்மட்டத்துக்கு, மேலே சொன்ன நீலம்–வெள்ளை–பழுப்பு என்ற இருமுக வரிசையே ஏற்றது. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்கும் ஆசையும் வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், தோட்டத்துக் கூட்டத்தில் அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண் சரியாக எல்லையிலேயே விழுந்தால் நிரலகம் அதைக் கீழ்ப்பட்டையோடு சேர்க்கும். அதாவது 40 என்பது 30–40 பட்டைக்குப் போகும். கண்டக்டர் முழு சென்டிமீட்டராகவே எழுதும்போது அடுத்தடுத்த நான்கைந்து குழாய்களும் 40 என்று நின்றால், ஒரு பகுதி முழுவதும் வெளிர்நீலமாகிவிடும். எல்லையை 39.5 என்று வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

கேள்வி: அலுவலகத்திலிருந்து வந்த வண்ணப்படத்தில் எங்கள் பிளாக்கின் தடுப்பைச் சுற்றி நீர்மட்டம் சரியாக இருப்பதாக வெள்ளை நிறம் போட்டிருக்கிறது. நேரில் போனால் தடுப்புக்கு மேல்பக்கம் சேறு காலை வாங்குகிறது, கீழ்ப்பக்கம் மண் வெடிக்கிறது. கம்ப்யூட்டர் சொல்வதை எப்படி நம்புவது?
– ஒரு தோட்டக் கண்டக்டர், தெலுக் இந்தான் வட்டாரம்

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள். படம் அந்த இடத்தில் பொய் சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்பதையும் கணக்கிட்டுக் காட்டலாம். தடுப்புக்கு மேல்பக்கக் குழாயில் 28, கீழ்ப்பக்கக் குழாயில் 72 என்று நீங்கள் அளந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் பதிலில் சொன்னபடி, இரண்டு குழாய்களுக்கும் நடுவே மதிப்பு சீராக ஏறுகிறது என்பதுதான் நிரலகத்தின் அனுமானம். ஆகவே சரிபாதித் தொலைவில், அதாவது தடுப்பு நிற்கும் இடத்தை ஒட்டியே, அது 50 என்று எழுதிக்கொள்கிறது. தோட்டம் முழுவதும் தேடினாலும் கிடைக்காத அந்த இலட்சிய நீர்மட்டத்தை, இரண்டு பக்கமும் கெட்டுக் கிடக்கும் இடத்தின் நட்டநடுவில் அது வரைந்துவிட்டது.

சமமதிப்புக் கோடு எதுவானாலும், அளக்கப்படும் பொருள் இடத்துக்கு இடம் தொடர்ச்சியாக மாறுகிறது என்று எடுத்துக்கொண்டே வரையப்படுகிறது. மேட்டுநிலத்தின் உயரத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும், மழையளவுக்கும் பொருந்தும். தடுப்பும் மணல்மூட்டையும் வரப்பும் வைத்துப் பிரித்த நீருக்குப் பொருந்தாது. அங்கே நீர்மட்டம் படிக்கட்டாக இறங்குகிறது. இந்தப் படிகளை நிரலகத்துக்குச் சொல்லாமல் நல்ல நிறத்தைத் தேடிப் பயனில்லை.

சொல்வதற்கு எளிய வழி, ஒவ்வொரு நீர்ப்பிரிவையும் தனித்தனியாக வரைவது. எந்தக் குழாய் எந்தத் தடுப்புக்கு உட்பட்டது என்று எக்செல்லில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். அது உங்களுக்குத்தான் தெரியும், அலுவலகத்தில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. பிறகு பிரிவு பிரிவாகத் தரவை எடுத்து, அதே எல்லைகளோடும் அதே ஐந்து நிறங்களோடும் ஒரே படத்தின்மேல் அடுத்தடுத்து ட்ரைகாண்டூர்எஃப் ஓட்டினால் போதும். நிறவிளக்கப் பட்டையை ஒருமுறை மட்டும் வைக்கலாம். நிரல் எழுதத் தெரிந்தவர் இன்னொரு வழியும் செய்யலாம்: எல்லாக் குழாய்களுக்கும் சேர்த்து முக்கோணங்களை அமைத்துவிட்டு, மூன்று முனைகளும் ஒரே பிரிவில் இல்லாத முக்கோணங்களை ‘செட்மாஸ்க்’ கட்டளையால் மறைத்துவிடலாம். ஆங்கிலத்தில் இந்தப் பெயரின் நடுவே ஓர் அடிக்கோடு வரும். எந்த வழியில் போனாலும் தடுப்பை ஒட்டி வெள்ளை இடைவெளி ஒன்று விழும். மேனேஜர் அதைக் குறையென்று சொன்னால், அங்கே நாம் அளக்கவில்லை என்று சொல்லுங்கள். சரியான நீர்மட்டத்துக்கு வெள்ளை நிறம் வைத்திருப்பதால் இரண்டும் குழம்பக் கூடும். படத்தின் பின்புலத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும்படி கிராணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்தின் ஓரத்திலும் இதே கதைதான். வெளிக்குழாய்களை இணைத்துக் கிடைக்கும் வெளிவிளிம்புவரை முக்கோணங்கள் நீளும். தோட்டம் ஆற்றோரமாக உள்வளைந்து போனால், ஆற்றுக்குமேல் ஊசிபோன்ற நீண்ட முக்கோணங்கள் விழுந்து தண்ணீருக்கே நீர்மட்டம் சொல்லும். அவற்றையும் பக்க நீளத்தைப் பார்த்து மறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்த குழாய்களைக் கறுப்புப் புள்ளிகளாகவும் அளவைப் பக்கத்தில் சிறிய எண்ணாகவும் படத்தின்மேல் இடச்சொல்லுங்கள். எது அளந்தது, எது நிரப்பியது என்பது அப்போது யாருக்கும் தெரியும். புள்ளி இடாத வண்ணப்படத்தை நானாக இருந்தால் கூட்டத்தில் வைக்க விடமாட்டேன்.

கேள்வி: படத்தின் தலைப்பைத் தமிழில் கொடுத்தால் வெறும் சதுரங்கள் வருகின்றன. தமிழ் எழுத்துருவை மாற்றிக் கொடுத்தபோது எழுத்துகள் வந்தன, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. வழி உண்டா?
– பாலிடெக்னிக் மாணவர், தெலுக் இந்தான்

பதில்: சதுரங்கள் வருவதற்குக் காரணம், நிரலகத்தோடு வரும் டெஜாவூ எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லாததே. லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றுள் ஒன்றைக் குறிப்பிட்டால் சதுரம் போய்விடும். கொம்பு இடம் மாறுவது வேறு சிக்கல். ‘தெ’ என்று எழுதும்போது கணினியின் நினைவில் தகரம் முதலிலும் கொம்பு அதன்பின்னும் இருக்கும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளின் வேலை. மேட்பிளாட்லிப்பின் வழக்கமான பதிப்புகள் அந்த வேலையைச் செய்யாமல் நினைவில் உள்ள வரிசையிலேயே அடுக்கிவிடுகின்றன. ‘லு’, ‘கு’ போன்றவையும் அதனால்தான் உடைகின்றன. லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் பழகியவராக இருந்தால், படத்தை ‘பிஜிஎஃப்’ முறையில் ஸீலேடெக் வழியாக வெளியிடுங்கள். அது தமிழைச் சரியாகக் கோக்கும். இல்லையென்றால் நிரலில் எண்களை மட்டும் விட்டு, தலைப்பையும் அச்சுகளின் பெயர்களையும் வேர்டிலோ இங்க்ஸ்கேப்பிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பில் நிறப்பட்டைகளுக்கு நடுவே மயிரிழைபோல் வெள்ளைக்கோடு தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பட்டைகளின் விளிம்பு நிறத்தை அவற்றின் முகநிறமாகவே வைத்தால் அது மறையும்.

கேள்வி: என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதே குழாய்க் கணக்கைப் பயன்படுத்துகிறேன். முக்கோண முறையில் வரைந்த கோடுகள் கோணல்மாணலாக இருக்கின்றன. கிரிட்டேட்டாவில் ‘கியூபிக்’ கொடுத்தால் கோடுகள் அழகாக வளைகின்றன. கிரிகிங் இன்னும் நல்லது என்கிறார்கள். எதை எடுப்பது?
– அதே மாணவர்

பதில்: அழகுக்காகக் கியூபிக் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அது வளைவாகப் போகும் முயற்சியில் அளந்த மதிப்புகளைத் தாண்டியும் ஏறி இறங்கும். இரண்டு அண்டைக் குழாய்களில் 12-உம் 15-உம் இருக்க, இடையில் 4 என்றோ பூஜ்யத்துக்குக் கீழேயோகூட எழுதிவிடும். தோட்டத்தில் இல்லாத வெள்ளம் படத்தில் வந்துவிடும். முக்கோண முறையில் எந்த இடைமதிப்பும் அந்த மூன்று முனைகளின் சிறுமத்துக்குக் கீழோ பெருமத்துக்கு மேலோ போக முடியாது. கோணல் கோடு, இவ்வளவுதான் அளந்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகேயின் பெயரைத் தாங்கிய கிரிகிங் வேறு வகை. குழாய்களுக்கிடையே தொலைவு கூடக்கூட மதிப்புகள் எவ்வளவு விலகுகின்றன என்பதைத் தரவிலிருந்தே கண்டறிந்து, அதைக்கொண்டு இடைமதிப்பைக் கணக்கிடுவதோடு, அந்த இடைமதிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் ஒரு தனி எண்ணாகத் தரும். அந்த இரண்டாவது படத்தையும் வரைவதாக இருந்தால் மட்டும் கிரிகிங் எடுங்கள். அப்போதும் பிரிவுக்குப் பிரிவு தனியாகவே செய்ய வேண்டும் என்பதால், நாற்பது குழாய்கள் ஐந்து பிரிவுகளாகப் பிரிந்தால் ஒன்றுக்கு எட்டுதான் மிஞ்சும். எட்டுப் புள்ளிகளிலிருந்து அந்த விலகல் உறவை நம்பிக்கையாகக் கண்டறிய முடியாது. எந்த முறையை எடுத்தாலும் ஒரு சோதனை செய்துபாருங்கள்: ஒரு குழாயை நீக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டு அதன் மதிப்பைக் கணக்கிட்டு, அளந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு குழாயாக இப்படிச் செய்து, பிழைகளை அட்டவணையாக்கித் திட்ட அறிக்கையில் வண்ணப்படத்துக்கு முந்திய பக்கத்தில் வையுங்கள். ஓரக் குழாய்களை நீக்கும்போது அந்த இடம் மற்றக் குழாய்களின் எல்லைக்கு வெளியே போய்விடுவதால், முக்கோண முறை அங்கே மதிப்பே தராது. அவற்றை அட்டவணையில் வெறுமையாகவே விடுங்கள்.